பௌட்லர் வீட்டு வினைச்சொல்

போன மாதம் ஒரு ஆங்கில வினைச்சொல்லிடம் மாட்டிக்கொண்டு நான்கு நாள் திண்டாடினேன். ஒரு பத்திரிகைக்காகக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி நூலகங்களில் எந்தப் புத்தகத்தை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் நடக்கும் சண்டை பற்றியது. பாதிவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஓரிடத்தில், பிள்ளைகள் கைக்கு வந்து சேர்வது ‘பௌட்லரைஸ்’ செய்த பதிப்புதான் என்று ஒரு வாக்கியம். வண்டி நின்றுவிட்டது.

பொருள் தெரியாமல் இல்லை. அகராதியைத் திறந்தால் ஒரே வரியில் முடிந்துவிடும்: ஒரு நூலில் ஆபாசம் என்று படுவதையெல்லாம் எடுத்துவிட்டு வெளியிடுவது. அதை வினையாக்கித் தமிழ் வாக்கியத்தில் உட்கார வைப்பதுதான் பாடு. ‘தணிக்கை செய்த’ என்று போட்டுப் பார்த்தேன். தணிக்கை என்றதும் என் மனதில் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் கூட்டுறவு சங்கக் கணக்கைப் புரட்டும் ஆடிட்டர், இன்னொருவர் சினிமாவுக்கு யு, ஏ என்று சான்றிதழ் தருகிறவர். இருவர் கையிலும் அரசாங்க முத்திரை இருக்கிறது. பௌட்லர் முத்திரை குத்துகிற ஆசாமி இல்லை. ‘சுத்திகரித்த’ என்றால் குடிநீர் வாரிய வாடை அடிக்கிறது. ‘கத்தரித்த’ என்றால் வெட்டு தெரிகிறது, வெட்டியவரின் நல்லெண்ணம் தெரியவில்லை. அந்த நல்லெண்ணத்தில்தான் இந்தச் சொல்லின் விஷமமே இருக்கிறது. ‘உன் நன்மைக்குத்தான் செய்தேன்’ என்று சொல்லிக்கொண்டே செய்கிற காரியம் இது.

சொல் கிடைக்காத எரிச்சலில், சொல்லுக்குச் சொந்தக்காரரைத் தேடிப் போனேன்.

தாமஸ் பௌட்லர் 1754இல் இங்கிலாந்தின் பாத் நகருக்குப் பக்கத்தில் பாக்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். நோய்வாய்ப்பட்ட நண்பர் ஒருவருடன் லிஸ்பன் போனவர் தானும் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். அதற்குப் பிறகு வைத்தியத்தையே விட்டுவிட்டார். கையில் சொத்து இருந்தது. சிறைச்சாலைகளின் நிலையைச் சீர்திருத்த அலைந்தார், சதுரங்கம் ஆடினார். சதுரங்கம் என்றால் பொழுதுபோக்கு ஆட்டம் இல்லை. 1788இல் லண்டனில் கான்வே என்பவரோடு அவர் ஆடிய ஆட்டம் இன்றைக்கும் சதுரங்கத் தொகுப்புகளில் இருக்கிறது. இரண்டு யானைகளையும் வெட்டக் கொடுத்துவிட்டு ஜெயித்த ஆட்டம். வெட்டுவதில் மட்டுமல்ல, வெட்டக் கொடுப்பதிலும் மனிதர் கெட்டிக்காரர்.

அவருடைய அப்பாவின் பெயரும் தாமஸ்தான். சாயங்காலங்களில் பிள்ளைகளை உட்கார வைத்து ஷேக்ஸ்பியரை உரக்கப் படித்துக் காட்டுவாராம். பிள்ளைகள் மெய்மறந்து கேட்பார்கள். வளர்ந்து, தானே புத்தகத்தை எடுத்துப் படித்தபோதுதான் மகனுக்கு விஷயம் புரிந்தது. அப்பா படிக்கிறபோதே அங்கங்கே தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார். வேறு சொல் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு தடங்கலும் தெரியவில்லை. எல்லா அப்பாக்களுக்கும் இந்தச் சாமர்த்தியம் இருக்காது, அவர்களுக்காக முன்கூட்டியே தாண்டிவைத்த புத்தகம் ஒன்றைப் போட்டால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஒருவர் தாண்டித் தாண்டிப் படித்தார்.

திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணை. அப்பா தபால் ஆபீஸ் குமாஸ்தா. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை அப்பாயிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அப்பாயிக்கு எழுத்து தெரியாது, ஆனால் கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதில் அப்பாவே அவளிடம் சந்தேகம் கேட்பார். நான் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சில இடங்களில் அப்பாவின் குரல் லேசாக வேகமெடுக்கும். பஸ், ஸ்டாப்பிங்கில் நிற்காமல் போகிற மாதிரி. அப்பாயி உடனே, “என்னடா தம்பி, கத திடீர்னு குதிக்குது?” என்பாள். “இந்த வாரம் அவன் எழுதுனதே அப்படித்தாம்மா” என்று பழியை எழுத்தாளர் தலையில் போட்டுவிடுவார் அப்பா. அவர் தாண்டியதெல்லாம் ‘அந்த மாதிரி’ இடங்களாகத்தான் இருக்கும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ முதன்முதலில் 1807இல் பாத் நகரில் அச்சானது. 20 நாடகங்கள். மூலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் காணோம். அட்டையில் தொகுத்தவர் பெயரையும் காணோம். இரண்டாம் பதிப்பு 1818இல் பத்து தொகுதிகளாக, 36 நாடகங்களுடன் வந்தபோது தாமஸ் பௌட்லர் என்று பெயர் இருந்தது. அதனால் முதல் பதிப்பையும் அவரே செய்ததாக ஒன்றரை நூற்றாண்டு உலகம் நம்பியது. 1960களில்தான் உண்மை வெளியே வந்தது. முதல் கத்தரிக்கோல் தாமஸின் கையில் இல்லை. அவருடைய அக்கா ஹென்ரியட்டா மரியாவின் கையில் இருந்தது. வீட்டில் ஹாரியட் என்று கூப்பிடுவார்கள். 1750இல் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

அவர் ஏன் பெயர் போடவில்லை? கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும், அப்புறம் சிரிப்பு நின்றுவிடும். ஒரு வரியில் ஆபாசம் இருக்கிறது என்று கண்டுபிடித்து நீக்க வேண்டுமானால் அந்த ஆபாசம் புரிய வேண்டும். ஷேக்ஸ்பியரின் சிலேடைகள் லேசில் பிடிபடுபவை அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தேர்ந்த கண் வேண்டும். மணமாகாத, பக்திமானான, ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்ணுக்கு அந்தக் கண் இருந்தது என்று அன்றைய பாத் நகரத்தில் யாராவது வெளியே சொல்ல முடியுமா? இத்தனைக்கும் ஹாரியட் சாதாரண எழுத்துக்காரி இல்லை. அவர் பெயர் போடாமல் வெளியிட்ட சமயச் சொற்பொழிவுத் தொகுப்பைப் படித்துவிட்டு, எழுதியவர் யாரோ நல்ல பாதிரியார் என்று நம்பிய லண்டன் ஆயர், அவருக்கு ஒரு திருச்சபைப் பொறுப்பைத் தரத் தயாராக இருந்தாராம். பாதிரியார் வேலை கிடைக்கிற அளவுக்கு எழுதினார், பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது பௌட்லர் என்ற குடும்பப் பெயர் என்பதால் அது ஹாரியட்டுக்கும் சேர்த்துத்தான் என்று வாதாடலாம். அகராதிகள் அப்படிச் சொல்வதில்லை. தம்பி பெயரைத்தான் போடுகின்றன.

என்னதான் வெட்டினார்கள்? சில இடங்களைப் பார்த்தால் போதும். ‘ஒத்தெல்லோ’ தொடக்கத்தில் இயாகோ, நள்ளிரவில் ஒரு தகப்பனை எழுப்பி, ‘உன் மகளும் அந்த மூரும் சேர்ந்து இரட்டை முதுகு மிருகமாகிக் கிடக்கிறார்கள்’ என்று கத்துகிறான். மூர் என்றது கறுப்பினத்தவனான ஒத்தெல்லோவை. பௌட்லர் வீட்டில் அது, ‘உங்கள் மகளும் அந்த மூரும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள்’ என்று ஆகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் பதில் கடிதம் மாதிரி இல்லையா? அந்தத் தகப்பன் ஏன் பதறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தான் என்றே புரியாது. ‘ரோமியோ ஜூலியட்’டில் மெர்குஷியோ மணி பன்னிரண்டு என்பதை ஒரு கெட்ட சிலேடையோடு சொல்கிறான். பௌட்லரில் கடிகார முள் மரியாதையாகப் பன்னிரண்டைத் தொடுகிறது. ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில் டால் டேர்ஷீட் என்றொரு விலைமகள் வருவாள். வரி வரியாக வெட்டிப் பார்த்திருப்பார்கள், மிச்சம் ஒன்றும் தேறியிருக்காது. ஆளையே தூக்கிவிட்டார்கள்.

‘ஒத்தெல்லோ’ நாடகத்தோடு தாமஸ் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறார். அது குடும்பத்தில் படிக்க ஏற்றதல்ல, ஆனாலும் அதை இதற்குமேல் சிதைக்கவும் மனம் வரவில்லை. வெட்டியது போதாது என்று படுகிறவர்கள் அதை வரவேற்பறையிலிருந்து எடுத்துத் தனியறையில் வைத்துக்கொள்ளட்டும் என்று குறிப்பு எழுதிவைத்தார். அந்தக் குறிப்பை எழுதிய பௌட்லரை எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்ட வந்தவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்த இடம் அது.

இன்னொன்றும் அவர் பக்கம் சொல்ல வேண்டும். அவர் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. மூலத்தில் எதுவும் சேர்க்கப்படவில்லை, குடும்பத்தில் உரக்கப் படிக்கத் தகாத சொற்களும் தொடர்களும் மட்டுமே விடப்பட்டுள்ளன என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டார். (இயாகோவின் வாயில் புது வாக்கியம் வைத்தவர் ‘எதுவும் சேர்க்கவில்லை’ என்றது அப்பட்டமான புளுகு என்பது வேறு விஷயம்.) முழு ஷேக்ஸ்பியரும் அதே கடைத்தெருவில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டியவர்கள் வாங்கலாம்.

முதலில் புத்தகம் ஒன்றும் பிரமாதமாகப் போகவில்லை. 1821இல் ‘பிளாக்வுட்ஸ்’ பத்திரிகை கிண்டலடித்தது. ‘எடின்பரோ ரிவ்யூ’வில் பிரான்சிஸ் ஜெஃப்ரி தூக்கிவைத்துப் பாராட்டினார். இரண்டு பத்திரிகைகளும் ஒன்றையொன்று பகைத்துக்கொண்டவை. அந்தச் சண்டையில் புத்தகத்துக்கு நல்ல விளம்பரம் கிடைத்து, விற்பனை சூடுபிடித்தது. கடைசிக் காலத்தில் பௌட்லர் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றையும் இதே போல வெட்டிக்கொண்டிருந்தார். அது அச்சாவதற்கு முன்பே, 1825 பிப்ரவரியில், வேல்ஸில் ஸ்வான்சி நகருக்குப் பக்கத்தில் இறந்துபோனார். அடுத்த வருடம் அவருடைய அண்ணன் மகன் அதை வெளியே கொண்டுவந்தார்.

அந்த அண்ணன் மகன் பெயரும் தாமஸ் பௌட்லர். பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவர்தான். தாமஸ் 1806இல், ஐம்பத்திரண்டு வயதில், கடற்படைத் தளபதி ஒருவரின் விதவையைக் கல்யாணம் செய்திருந்தார். ஒத்துப்போகவில்லை, சில வருடங்களில் பிரிந்துவிட்டார்கள். அண்ணன் மகன் எழுதிய வரலாற்றில் அந்தக் கல்யாணமே இல்லை. படிக்கிறவருக்குப் பெரியவர் கட்டைப் பிரம்மச்சாரியாகவே தெரிவார். பௌட்லரின் வாழ்க்கையையே பௌட்லரைஸ் செய்துவிட்டார்கள், அதுவும் முதல் பக்கத்தில் ஒரு அறிவிப்புகூட இல்லாமல்.

வினைச்சொல் பிறந்தது 1836இல். பெரனெட் தாம்ப்சன் என்ற படைத் தளபதி, தீவிரச் சீர்திருத்தக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர்; தொகுதி மக்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதியவர். அவற்றில் ஒன்றில் ஆதிக் கிறிஸ்தவர்களின் பெயர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் எப்பாப்பிரோதீத்து, நர்கீசு என்று வருமே, அவைதான். முதல் பெயருக்குள் அஃப்ரொடைட் என்ற காதல் தேவதை ஒளிந்திருக்கிறாள், இரண்டாவது தண்ணீரில் தெரிந்த தன் பிம்பத்தையே காதலித்த இளைஞனின் பெயர். அந்தக் காலக் கிறிஸ்தவர்கள் கூச்சமில்லாமல் வைத்துக்கொண்டார்கள், இன்றைய அதிதீவிரக் கிறிஸ்தவர்களாக இருந்தால் இந்தப் பெயர்களை ‘பௌட்லரைஸ்’ செய்திருப்பார்கள் என்று நக்கலடிக்கிறார் தாம்ப்சன். கவனியுங்கள், பிறந்த நாளிலிருந்தே அது வசைச்சொல். செய்கிற யாரும் தான் செய்வதற்கு அந்தப் பெயரை வைப்பதில்லை, எதிராளிதான் வைப்பார். அந்த நாளில் பெரிய எழுத்தில் தொடங்கிய சொல், போகப்போகச் சின்ன எழுத்துக்கு இறங்கியது. ஆங்கிலத்தில் ஒரு மனிதனுடைய பெயர் அப்படி இறங்கிவிட்டால் ஆள் செத்து சொல் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். பொருளும் ஆபாசத்தோடு நிற்கவில்லை. அரசியலுக்காக, மதத்துக்காக, யார் மனமும் புண்படக் கூடாது என்பதற்காக எதை நீக்கினாலும் இப்போது இதே சொல்தான்.

எல்லோரும் திட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஸ்வின்பர்ன் என்ற கவிஞர், தன்னுடைய கவிதைகளுக்காகவே ஒழுக்கக்கேடன் என்று ஏச்சு வாங்கியவர், 1894இல் பௌட்லருக்குப் பரிந்து எழுதினார். கற்பனையுள்ள குழந்தைகள் கையில் ஷேக்ஸ்பியரைக் கொடுக்க வழி செய்தவரைவிட ஷேக்ஸ்பியருக்குப் பெரிய தொண்டு செய்தவர் யாரும் இல்லை என்றார். ஸ்வின்பர்ன் வாயிலிருந்தா என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.

எடின்பரோ என்றதும் இந்தச் சொல்லின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். 1828இல் அந்த நகரத்தில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, பிணங்களை உடற்கூறு கற்பித்த டாக்டர் நாக்ஸிடம் விற்றார்கள். உடம்பில் காயம் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று மூச்சை அடைத்தே கொன்றார்கள். 1829 ஜனவரியில் பர்க்கைத் தூக்கில் போட்டார்கள். அவன் பெயரும் வினையாயிற்று: முதலில் மூச்சடைத்துக் கொல்வதற்கு, பிறகு ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் அமுக்குவதற்கு. ஒரு கேள்வியை, ஒரு விசாரணையை ‘பர்க்’ செய்வது. இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. காயம் தெரியாமல் அமுக்குகிற வேலைக்கான சொல் அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. ‘வெட்டியிருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வெட்டியவரின் பெயர்தான் இன்றுவரை அடி வாங்குகிறது.

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ புத்தகத்துக்கு நடந்ததைப் பாருங்கள். புத்தகங்களை எரிக்கும் உலகத்தைப் பற்றிய நாவல். 1967இல் அதன் பதிப்பகமான பாலன்டைன், பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு போட்டது. ஆசிரியரிடம் கேட்காமலேயே எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களைத் திருத்திவிட்டார்கள். சில காலம் பள்ளிப் பதிப்பும் முழுப் பதிப்பும் சேர்ந்தே ஓடின. 1973 முதல் 1979 வரை விற்றதெல்லாம் வெட்டிய பதிப்பு மட்டும்தான். அட்டையில் ஒரு வார்த்தை கிடையாது. மாணவர்கள் எழுதித் தெரிவித்த பிறகுதான் பிராட்பரிக்கே தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தில் பழைய பாடம் திரும்பி வந்தது. 2023இல் ரோல்ட் தாலின் குழந்தைக் கதைகளில் பஃபின் பதிப்பகம் ‘குண்டு’ என்பதை ‘பிரம்மாண்டம்’ என்கிற ரீதியில் மாற்றியபோதும் பழைய வசைச்சொல் எல்லாப் பத்திரிகைகளிலும் எழுந்து உட்கார்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும், பழைய பாடத்தையும் தனியாக வெளியிடுகிறோம் என்று பதிப்பகம் இறங்கி வந்தது.

சரி, நம்மிடம் சொல் இல்லையா? நான்கு நாள் திண்டாட்டத்தில் மூன்றாம் நாள், எங்கள் தமிழ் ஐயா நினைவுக்கு வந்தார். நன்னூல் பாடத்தில் தகுதி வழக்கு: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. “கால் கழுவி வந்தான்னா என்னடா அர்த்தம்?” என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்துப் புரண்டது. ‘சார், ஒன்னுக்கு’ என்று விரலைக் காட்டிக்கொண்டு நாங்கள் தினமும் செய்ததும் இடக்கரடக்கல்தான் என்று அப்போது உறைக்கவில்லை. அதற்கும் மூத்தவர் தொல்காப்பியர். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறார். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்ல வேண்டும். பௌட்லர் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பார். ஆனால் தொல்காப்பியர் அத்தோடு நிறுத்தவில்லை. அடுத்த நூற்பா: ‘மறைக்குங் காலை மரீஇய தொராஅல்.’ வழக்கில் வந்து பழகிப்போனவற்றை மறைக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடு. சாணம், பிழுக்கை என்று உரைகாரர்கள் அதற்கு உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அந்த இரண்டாவது நூற்பாதான் அருமையாகப் படுகிறது. வெட்டச் சொல்லிவிட்டு, உடனே கையைப் பிடிக்கவும் செய்கிறது.

இடக்கரடக்கலை எடுத்துக்கொள்ளலாம் என்று துள்ளினேன். அரை மணி நேரத்தில் துள்ளல் அடங்கிவிட்டது. இடக்கரடக்கல் சொல்கிறவன் தன் வாயைத் தானே அடக்குவது. பௌட்லர் அடக்கியது ஷேக்ஸ்பியரின் வாயை.

வேலை மட்டும் நம் மண்ணில் பௌட்லருக்கு முன்பே நடந்திருக்கிறது. வீரமாமுனிவர் 1730இல் திருக்குறளை லத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலும் பொருட்பாலும் செய்தார், இன்பத்துப்பாலைத் தொடவில்லை. அப்போது பௌட்லர் பிறக்கவே 24 வருடம் இருந்தது. 1330 குறளும் ஆங்கிலத்தில் ஜி.யு. போப் வழியாக வர 1886 ஆயிற்று. வெள்ளைக்காரத் துறவியைக் குறை சொல்லி என்ன? நான் படித்த பாடப்புத்தகங்களில் இன்பத்துப்பால் எட்டிப் பார்த்ததேயில்லை. மூன்றாம் பால் ஒன்று உண்டு என்பதைப் பெயராக மட்டும் தெரிந்துவைத்திருந்தோம், ஊருக்குப் போய்விட்ட சித்தப்பா மாதிரி.

திருவையாற்றுக்காரன் என்பதால் இன்னொரு கதையைத் தாண்டிப் போக முடியவில்லை. தியாகராஜர் சமாதிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலையைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். சமாதிக்குக் கோயில் கட்டிய புண்ணியவதி என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் 1910இல் செய்த காரியத்தை யாரும் சொல்லவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை, தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியம் எழுதியிருந்தார். ராதையின் காதலையும் வேட்கையையும் ராதையின் பக்கத்திலிருந்தே பாடியது. 1887இல் அது அச்சானபோது சில பாடல்களும், கவிஞர் தன் பரம்பரையைச் சொல்லிக்கொள்ளும் முகப்புப் பகுதியும் போய்விட்டன. ஆபாசம் என்று பாடல்களை எடுத்ததையாவது ஒரு மாதிரி விளங்கிக்கொள்ளலாம். பாட்டி பெயரை எடுப்பானேன்? நாகரத்தினம்மாள் ஏட்டுப் பிரதியைத் தேடிப்பிடித்து, விட்டதையெல்லாம் சேர்த்து, சென்னையில் வாவிள்ள பதிப்பகத்தின் மூலம் முழுசாக வெளியிட்டார். பெரிய சீர்திருத்தவாதியான வீரேசலிங்கம் பந்துலு, பெண்கள் காதால் கேட்கத் தகாதவை அதில் இருக்கின்றன என்று ஏற்கனவே எழுதியிருந்தார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா என்று முன்னுரையிலேயே திருப்பிக் கேட்டார் நாகரத்தினம்மாள். அடுத்த வருடம் அரசாங்கம் புத்தகத்தைப் பறிமுதல் செய்தது. சுதந்திரம் வரும் தறுவாயில், சென்னை மாகாண முதல்வர் பிரகாசம் ஆட்சிக் காலத்தில்தான் தடை நீங்கியது.

பாத் நகரத்தில் ஹாரியட், சென்னையில் நாகரத்தினம்மாள். ஒருவர் புரிந்துகொண்டதை மறைக்கப் பெயரை மறைத்தார், இன்னொருவர் மறைத்ததைத் திரும்ப எழுதிப் பெயரைப் பெரிதாகப் போட்டார். இரண்டு பேரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு அசட்டு நினைப்பு.

இனி அப்பா. அவர் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் பைண்டு செய்து வைத்திருப்பார். காலிகோ முதுகு, உள்ளே பாதிப் பக்கத்தில் சோப்பு விளம்பரம். கல்லூரி விடுமுறை ஒன்றில், அவர் தாண்டிய இடங்களைத் தேடிப் படிக்கிற ஆசையில் ஒரு தொகுதியைத் திறந்தேன். என்ன எதிர்பார்த்துத் திறந்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாயி ‘கத குதிக்குது’ என்று சொன்ன ஒரு இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கதாநாயகி அண்ணன் வீட்டுக்கு வந்து சேருகிற அத்தியாயம். அதில் முத்தம்கூட இல்லை. அண்ணி அவளைக் கல்யாண வீட்டுக் கூடத்திலிருந்து எழுந்து போகச் சொல்கிறாள். தாலியறுத்தவள் எதிரே வரலாமா என்று நாலு பேர் முன்னால் கேட்கிறாள். ஒன்றரைப் பக்கம். அடுத்த தொகுதியிலும் தேடினேன். தாண்டியது என்று நான் சந்தேகப்பட்ட இன்னொரு இடத்திலும் அதே மாதிரி ஒன்று. காதல் காட்சிகளையெல்லாம் அப்பா அலட்டிக்கொள்ளாமல் படித்திருக்கிறார். நானும்தான் கேட்டிருக்கிறேன், நினைவில் நிற்கவில்லை.

அப்பாயி தாலியிழந்தது இருபத்திரண்டு வயதில். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது.

அப்பாவிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் பௌட்லர் குடும்பத்தைப் பற்றி என் மனதில் ஒரு தராசு இருக்கிறதென்றால் அதைத் தூக்கிக் கொடுத்தது அந்தக் காலிகோ தொகுதிதான். மூத்த தாமஸ் பௌட்லர் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டினார். என் அப்பா தன் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தாண்டினார். எதிரே வேறொருவர் உட்கார்ந்திருந்தால் வேறு இடத்தில் தாண்டியிருப்பார்கள், அல்லது தாண்டாமலே படித்திருப்பார்கள். புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது முழுசாக அலமாரியில் இருந்தது, நான் வளர்ந்து போய் எடுக்கும்வரை. இளைய பௌட்லரும் அக்காவும் செய்த தவறு தாண்டியது என்று எனக்குத் தோன்றவில்லை. தாண்டிய இடத்தை அச்சுக்கோத்தது. அச்சுக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

நான்காம் நாள் ராத்திரி என் மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியத்தை இப்படி முடித்தேன்: ‘குடும்பத்தில் உரக்கப் படிப்பதற்குத் தோதாக, ஆசிரியரைக் கேட்காமல் வெட்டிய பதிப்பு.’ நீளம்தான். ஒரு வினைச்சொல்லுக்குப் பதிலாக ஒரு குடித்தனமே நடத்தியிருந்தேன். அடிக்குறிப்பாக ஹாரியட்டைப் பற்றியும் ஐந்து வரி எழுதி அனுப்பினேன்.

போன வாரம் இதழ் வந்தது. பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ‘சுருக்கிய பதிப்பு’ என்றிருந்தது. அடிக்குறிப்பு இல்லை. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல பையன், தன்மையாகப் பேசினான்.

“பக்கத்துல எடம் இல்ல சார். நாலு வார்த்தை எடுத்தோம், அவ்வளவுதான். படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்.”